அண்டை வீட்டாரின் வேதச் சொற்கள்

 



2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 47 பேர் கிறிஸ்தவர்கள். முஸ்லிம்களாகிய நாமோ நூற்றுக்கு நால்வர். குளச்சலானாலும் தக்கலையானாலும் திருவிதாங்கோடானாலும் நம் தெருவுக்கு அடுத்த தெரு அவர்களுடையது. நம் பிள்ளைகளில் பலர் அவர்கள் நடத்தும் பள்ளிகளில்தான் படிக்கின்றனர். அப்படிப் படிக்கும் சிறுமி ஒருத்தி மாலையில் வீடு திரும்பி, "உம்மா, ஈஸா நபியும் இயேசுவும் ஒருவர்தானா? பிறகு ஏன் பெயர் வேறாக இருக்கிறது?" என்று கேட்டால் நாம் என்ன விடை சொல்கிறோம்? "அது வேறு, இது வேறு, போய்ப் பாடத்தைப் படி" என்று சொல்லி அனுப்புகிறவர்களே நம்மில் அதிகம். விடை தெரியாததால் சொல்லும் விடை அது. தெரிந்துகொள்வது கடினமன்று. அண்டை வீட்டாரின் வேதத்தில் உள்ள கிரேக்கப் பெயர்களையும் சொற்களையும் சற்றே விளங்கிக்கொண்டால் போதும்.

எந்தத் தூதரையும் அவருடைய சமூகத்தாரின் மொழியிலேயே அனுப்பியதாக அல்லாஹ் தன் திருமறையில் (14:4) அறிவிக்கின்றான். நபி ஈஸா (அலை) அவர்கள் வாழ்ந்த பாலஸ்தீனத்தில் மக்கள் பேசியது அரமேய மொழி. அது அரபு மொழிக்கு உடன்பிறந்த மொழி. ஆனால் கிறிஸ்தவர்கள் 'புதிய ஏற்பாடு' என அழைக்கும் 27 நூல்களும் நமக்குக் கிடைப்பது கிரேக்க மொழியில். மாமன்னன் அலெக்சாந்தரின் படையெடுப்புக்குப் பிறகு மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரை முழுவதும் வணிகத்துக்கும் எழுத்துக்கும் கிரேக்கமே பொதுமொழியாக இருந்தது. ஆகவே அரமேயத்தில் ஒலித்த பெயர்கள் கிரேக்க ஆடை உடுத்தன. பின்னர் இலத்தீன், போர்த்துக்கீசியம், ஆங்கிலம் என ஒவ்வொரு மொழியும் தன் பங்குக்கு ஓர் ஆடையை உடுத்தி நம் நாட்டுக்கு அனுப்பி வைத்தது.

இயேசு என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் 'யேஷூஅ'. கிரேக்கத்தில் 'ஷ' ஒலி இல்லை. நம் அரபு எழுத்தாகிய ஐனுக்குரிய ஒலியும் இல்லை. ஷீன் ஸீனாயிற்று; ஐன் விழுந்தது. ஆண்பெயர்கள் 'ஸ்' என முடியவேண்டும் என்பது கிரேக்க வழக்கமாதலால் இறுதியில் ஒரு 'ஸ்' ஒட்டியது. 'யேஸூஸ்' பிறந்தது இப்படித்தான். தமிழுக்கு வரும்போது அந்த 'ஸ்' மறுபடியும் உதிர்ந்து இயேசு ஆயிற்று. நபி மூஸா (அலை) அவர்களுக்குப் பின் பனீ இஸ்ராயீல்களை வழிநடத்திய யூஷஃ பின் நூன் அவர்களின் பெயரும் இதே பெயர்தான் என்பது பலருக்குத் தெரியாது. கிரேக்கப் புதிய ஏற்பாடு இருவரையும் ஒரே சொல்லால்தான் குறிப்பிடுகிறது. தமிழ் மொழிபெயர்ப்பில்தான் ஒருவர் யோசுவா, மற்றவர் இயேசு எனப் பிரிந்தனர்.

'கிறிஸ்து' என்பது பெயரே அன்று, பட்டம். எண்ணெய் பூசப்பட்டவர், அபிஷேகம் செய்யப்பட்டவர் என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். அது எபிரேயத்தின் 'மாஷியஹ்' என்பதன் நேர் மொழிபெயர்ப்பு. யோவான் நற்செய்தியின் முதல் அதிகாரமே மேசியா என்றால் கிறிஸ்து என்று பொருள் சொல்லிவிடுகிறது. திருக்குர்ஆன் (3:45) மர்யம் (அலை) அவர்களின் மகனை 'அல்மஸீஹ்' எனக் குறிப்பிடுவதை நாம் ஓதுகிறோம். மாஷியஹ், மஸீஹ், கிறிஸ்து மூன்றும் ஒரே பட்டத்தின் மூன்று உருவங்கள். அந்தப் பட்டத்துக்கு அவர்கள் கொடுக்கும் கொள்கை விளக்கம் வேறு, நாம் கொடுப்பது வேறு. அந்த வேறுபாடு சிறியதன்று. அதை மறைக்கவும் தேவையில்லை. ஆனால் சொல் பொதுச்சொல்.

அரமேயச் சொற்கள் சில கிரேக்க நூலுக்குள் அப்படியே தங்கிவிட்டன. மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில், இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஒரு சிறுமியை எழுப்பும்போது சொன்ன சொல் 'தலீத்தா கூமி' என்று எழுதப்பட்டுள்ளது. நம் மதரஸாவில் முதல் ஆண்டு அரபு இலக்கணம் படிக்கும் பிள்ளைக்குக்கூட 'கூமி' என்றால் 'எழுந்திரு, பெண்ணே' என்பது விளங்கும். 'கும்' ஆணுக்கு, 'கூமீ' பெண்ணுக்கு. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்த ஒலி நமக்கு அந்நியமாக இல்லை.

திருவிதாங்கோட்டில் நம் மக்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவ்வூரிலேயே 'அரைப்பள்ளி' எனப்படும் பழைய சிரியன் தேவாலயம் ஒன்றும் உள்ளது. ஈஸா நபியின் சீடரான தோமா அதை நிறுவினார் என்பது அவர்களின் மரபு. தோமா என்பது அரமேயச் சொல். இரட்டைப் பிள்ளை என்பது பொருள். யோவான் நற்செய்தி அவரை 'திதிமு' என்றும் சொல்கிறது; அது அதே பொருளுடைய கிரேக்கச் சொல். அரபியில் இரட்டைப் பிள்ளையை 'தவ்அம்' என்கிறோம். தோமாவும் தவ்அமும் ஒரே வேரில் பிறந்தவை என்பதைக் காது கேட்டாலே அறியலாம்.

இனி நம் மாவட்டத்தின் சிறந்த எடுத்துக்காட்டுக்கு வருவோம்.

நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, மார்த்தாண்ட வர்மா மன்னரின் அரசில் பணியாற்றியவர். 1741இல் குளச்சல் போரில் தோற்றுச் சிறைப்பட்டுப் பின்னர் அம்மன்னருக்கே படைத்தலைவரான டச்சுக்காரர் டிலனாய் அவருக்கு நண்பரானார். துன்பங்களால் மனம் உடைந்திருந்த பிள்ளைக்கு டிலனாய் எடுத்துச் சொன்னது யோபுவின் வரலாறு என்பர். அந்த யோபு நம் அய்யூப் நபி (அலை) அவர்களே. 1745இல் வடக்கன்குளத்தில் பிள்ளை கிறிஸ்தவரானார். அப்போது அவருக்கு இடப்பட்ட பெயர் 'லாசர்', தமிழில் 'தேவசகாயம்'. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டு, கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. நாகர்கோவில் வழியாகப் போய்வரும் நம்மில் அவர் படத்தைக் காணாதவர் இருக்கமாட்டார்கள்.

லாசருக்கும் தேவசகாயத்துக்கும் என்ன உறவு? எபிரேயத்தில் 'எல்' என்றால் இறைவன். 'அஸர்' என்றால் உதவினான். 'எல்அஸர்', இறைவன் உதவினான். பேச்சுவழக்கில் முன்னெழுத்துத் தேய்ந்து 'லஅஸர்' ஆயிற்று. கிரேக்கர் வழக்கம்போல் ஐனைத் தொலைத்துவிட்டு வாலில் ஓர் 'ஸ்' சேர்த்து 'லாஸரோஸ்' ஆக்கினர். வடக்கன்குளத்தில் அப்பெயரைத் தமிழாக்கியவர்கள் கிரேக்க ஒலியைப் பின்பற்றாமல் எபிரேயப் பொருளைப் பிடித்தார்கள். தேவ சகாயம் என்றார்கள். மிகச் சரியான மொழிபெயர்ப்பு என்றே சொல்லவேண்டும். இதே பொருளை நாம் அரபியில் எப்படிச் சொல்வோம்? நஸ்ருல்லாஹ்! கோட்டாற்று லாசரும், நட்டாலத்துத் தேவசகாயமும், தக்கலை நஸ்ருல்லாஹ்வும் ஒரே பொருளுடைய பெயரைத் தாங்கி ஒரே பேருந்தில் பயணம் செய்கிறார்கள்; ஒருவருக்கொருவர் தெரியாது.

யோவான் நற்செய்தியில் வரும் லாசரை, இறந்தபின் நான்காம் நாளில் நபி ஈஸா (அலை) எழுப்பியதாகச் சொல்லப்படுகிறது. அல்லாஹ்வின் அனுமதியைக் கொண்டு அவர்கள் இறந்தோரை உயிர்ப்பித்ததைத் திருக்குர்ஆனும் (3:49, 5:110) உறுதிப்படுத்துகிறது. பெயர் எதையும் கூறவில்லை. ஆனால் இமாம் பகவீ (ரஹ்) போன்ற விரிவுரையாளர்கள், உயிர்ப்பிக்கப்பட்ட நால்வரில் ஒருவர் அவர்களுடைய நண்பர் 'ஆஸர்' என இப்னு அப்பாஸ் (ரலி) வழியாகக் குறிப்பிடுகின்றனர். இந்த ஆஸர்தான் அந்த லாசர். ஜெருசலேமுக்கு அருகில் அவர் வாழ்ந்த ஊருக்கு இன்றும் 'அல்அய்ஸரிய்யா' என்றே பெயர். அவருடையதெனப்படும் கல்லறையை ஒட்டி ஒரு பள்ளிவாசல் இருக்கிறது.

பொருளைப் பிடித்துத் தமிழாக்கும் இவ்வழக்கம் கத்தோலிக்கர்களிடம் நெடுங்காலமாக உண்டு. ஸ்தேவான் என்ற ஸ்டீபனின் கிரேக்க மூலம் 'ஸ்தெஃபனோஸ்'. மகுடம் என்பது பொருள். எனவே அவர் 'முடியப்பர்'. அந்திரேயாவின் பெயருக்கு ஆண்மை மிக்கவர் என்பது பொருள், அவர் 'பெலவேந்திரர்'. யோவானின் எபிரேய மூலம் இறைவன் அருள்புரிந்தான் என்று பொருள்படும், அவர் 'அருளப்பர்'. பவுல் என்பது கிரேக்கமன்று, இலத்தீன், சிறியவர் என்பது பொருள், ஆகவே 'சின்னப்பர்'. பிலிப்பு என்பவருக்கு மட்டும் இப்படி ஒரு தமிழ்ப்பெயர் அமைந்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அதன் பொருள் குதிரைப் பிரியர் என்பதாலோ என்னவோ! லூக்கா தன் நூலை எழுதி அனுப்பிய தெயோப்பிலு என்பவரின் பெயருக்கு இறைவனுக்கு அன்பானவர் என்று பொருள். நம்மவர் பிள்ளைகளுக்கு இடும் ஹபீபுல்லாஹ் என்ற பெயரின் பொருளும் ஏறக்குறைய அதுவே.

இதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. நம் முன்னோர்களும் இதைத்தான் செய்தார்கள். ஸலாத் தொழுகையாயிற்று, ஸவ்ம் நோன்பாயிற்று. தக்கலையில் அடங்கியுள்ள பீர் முஹம்மது அப்பா அவர்கள் தம் ஞானப்பாடல்களில் எத்தனை அரபுக் கருத்துகளுக்குத் தமிழ் ஆடை உடுத்தியிருக்கிறார்கள் என்பதை ஞானப்புகழ்ச்சி ஓதக் கேட்டவர்கள் அறிவார்கள்.

தேவசகாயம் பிள்ளையை அவர்கள் 'மறைசாட்சி' என அழைக்கிறார்கள் அல்லவா? புராட்டஸ்டண்ட் வழக்கில் இது 'இரத்தசாட்சி'. கொல்லப்பட்டவரைச் 'சாட்சி' என்று ஏன் சொல்லவேண்டும்? கிரேக்கத்தில் 'மார்ட்டிஸ்' என்றால் நீதிமன்றத்தில் கண்டதைச் சொல்லும் சாட்சி, அவ்வளவுதான். தம் நம்பிக்கைக்குச் சாட்சி கூறி அதற்காகவே உயிரிழந்தவர்களைக் குறிக்க அச்சொல் வழங்கி வழங்கி, நாளடைவில் அதன் பொருளே மாறிவிட்டது. இப்போது நம் சொல்லை எண்ணிப் பாருங்கள். 'ஷஹீத்'! ஷஹாதத் என்றால் சாட்சியம். கலிமா ஷஹாதத்தை நாள்தோறும் மொழிகிறோம். அல்லாஹ்வின் பாதையில் உயிர் நீத்தவரும் ஷஹீதே. கிரேக்கத்திலும் அரபியிலும் தமிழிலும், உயிரைக் கொடுத்தவருக்கும் உண்மையைச் சொன்னவருக்கும் ஒரே சொல் அமைந்திருக்கிறது. மொழி நூல்களைப் புரட்டும்போது இவ்விடத்தில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன்.

அப்போஸ்தலர் என்ற சொல்லும் இப்படியே. 'அப்போஸ்தொலோஸ்' என்றால் அனுப்பப்பட்டவர். கத்தோலிக்கர்கள் இப்போது திருத்தூதர் என்கிறார்கள். சொல்லளவில் நம் 'ரஸூல்' என்பதற்கு அது இணை. ஆனால் அவர்கள் அச்சொல்லால் குறிப்பது ஈஸா நபியின் பன்னிரு சீடர் முதலானோரை. திருக்குர்ஆன் அச்சீடர்களை 'ஹவாரிய்யூன்' என அழைக்கிறது. தூதர் என்ற பொதுச்சொல்லைக் கேட்டுக் குழம்பவேண்டாம். பெந்தெகொஸ்தே என்பதற்கு 'ஐம்பதாவது' என்பதற்கு மேல் பொருள் இல்லை. பாஸ்கா பண்டிகைக்குப் பிந்திய ஐம்பதாம் நாள் அது.

'சுவிசேஷம்' என்பதன் கிரேக்க மூலம் 'எவாங்கெலியோன்', நற்செய்தி. அதிலிருந்தே 'இன்ஜீல்' வந்தது என்பது மொழி ஆய்வாளர் கருத்து. தவ்ராத், இன்ஜீல் இரண்டும் அரபல்லாத பெயர்களே எனத் தஃப்ஸீர் மேதை ஸமக்ஷரீ எழுதியிருக்கிறார். ஆயினும் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். திருக்குர்ஆன் (5:46) சொல்லும் இன்ஜீல், ஈஸா நபிக்கு அல்லாஹ் அருளிய வேதம். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்ற நான்கு நூல்கள் அவர்களைப் பற்றிப் பிறர் எழுதியவை. பெயர் ஒன்றாயினும் குறிக்கும் பொருள் ஒன்றன்று.

இங்கே சிலருக்கு ஓர் ஐயம் எழலாம். தெளிவான அரபு மொழியில் இறங்கிய திருக்குர்ஆனில் கிரேக்கச் சொல் இருக்க முடியுமா? இது நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே விவாதித்த கேள்வி. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் பிறமொழிச் சொல் இல்லை என்பதில் உறுதியாக நின்றார்கள். வேறு சிலர் உண்டு என்றனர். அபூஉபைத் அல்காஸிம் பின் ஸல்லாம் (ரஹ்) இரு தரப்பையும் இணைத்தார்கள்: அச்சொற்களின் வேர் பிறமொழியில் இருந்தது, ஆனால் குர்ஆன் இறங்குவதற்கு முன்பே அரபியர் அவற்றைத் தம் நாவில் புழங்கி அரபியாக்கிவிட்டனர், ஆகவே வேரால் பிறமொழி என்பதும் உண்மை, அரபி என்பதும் உண்மை. இமாம் சுயூத்தி (ரஹ்) இத்தகைய சொற்களைத் திரட்டித் தனி நூலே எழுதினார்கள்.

அவர்கள் தரும் சொற்களில் ஒன்று 'ஃபிர்தவ்ஸ்'. ஆம், நாம் துஆவில் கேட்கும் ஜன்னத்துல் ஃபிர்தவ்ஸ் (18:107). ரோமர் மொழியில், அதாவது கிரேக்கத்தில், அது தோட்டத்தைக் குறிக்கும் என்று தாபிஈன்களில் பெரியவரான முஜாஹித் (ரஹ்) கூறியதாக சுயூத்தி இமாம் பதிவு செய்கிறார்கள். கிரேக்கத்தில் அது 'பரதெய்சோஸ்'. கிரேக்கரும் அதைப் பழைய ஈரானியரிடமிருந்து பெற்றனர். சுற்றிலும் மதில் எழுப்பிய சோலை என்பது மூலப்பொருள். தமிழ் பைபிளில் லூக்கா 23ஆம் அதிகாரத்தில் வரும் 'பரதீசு' இதே சொல்தான்.

இன்னொன்று 'கிர்தாஸ்', எழுதும் தாள் (6:7). அதன் மூலம் அரபியன்று எனச் சொல்லப்படுவதாக அறிஞர் ஜவாலீகீ குறிப்பிட்டுள்ளார். கிரேக்கத்தில் அது 'கார்த்தேஸ்'. நம் வீட்டுப் பெரியவர்கள் 'கடுதாசி' என்பார்களே, அது போர்த்துக்கீசியரின் 'கர்த்தாஸ்' வழியாக வந்த சொல் என்பர். அதன் வேரும் கிரேக்கத் தாளில்தான் போய் முடிகிறது. 16ஆம் நூற்றாண்டில் நம் மரக்காயர் கப்பல்கள் கடலில் செல்லவேண்டுமானால் போர்த்துக்கீசியரிடம் வாங்கியாக வேண்டிய அனுமதிச் சீட்டுக்கும் 'கர்த்தாஸ்' என்றே பெயர். அந்தச் சீட்டு இல்லாத கப்பல்கள் கொள்ளையிடப்பட்டன. ஒரு தாளின் பெயருக்குள் நம் வரலாற்றின் கண்ணீரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இறுதியாக, நாம் மிகவும் கவனத்துடன் நடக்கவேண்டிய ஒரு சொல். 'பராக்லேத்தோஸ்'.

யோவான் நற்செய்தியின் 14, 15, 16ஆம் அதிகாரங்களில் தமக்குப் பின் வரவிருப்பவர் ஒருவரைப் பற்றி ஈஸா நபி கூறியதாக வருகிறது. கிரேக்கச் சொல்லின் பொருள், துணைக்கு அழைக்கப்பட்டவர், பரிந்து பேசுபவர் என்பது. புராட்டஸ்டண்டுகளின் பழைய தமிழ் பைபிள் 'தேற்றரவாளன்' என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் 'துணையாளர்' என்கிறது. அவர்கள் இதைப் பரிசுத்த ஆவி எனக் கொள்கிறார்கள். நம் அறிஞர்களோ, 'அஹ்மத்' என்ற பெயருடைய தூதரைப் பற்றி ஈஸா நபி நற்செய்தி கூறியதை அறிவிக்கும் வசனத்தோடு (61:6) இதைப் பொருத்தினார்கள். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் நபி வரலாறு எழுதிய இப்னு இஸ்ஹாக் (ரஹ்) இப்பகுதியை எடுத்தாண்டு, சிரியாக் மொழியில் 'முனஹ்ஹமனா' என்றும் ரோமர் மொழியில் 'பரக்லீத்திஸ்' என்றும் சொல்லப்படுபவர் முஹம்மது (ஸல்) அவர்களே என எழுதினார்.

பின்னாளில் ஒரு வாதம் எழுந்தது. மூலத்தில் 'பெரிக்லுதோஸ்', அதாவது புகழ் பெற்றவர், என்றிருந்தது. எழுத்தை மாற்றிவிட்டார்கள் என்பதே அது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவர் இவ்வாதத்தை ஒரு சிறு நூலில் படித்துவிட்டு, இறையியல் படிக்கும் தம் கிறிஸ்தவ நண்பரிடம் உரத்துப் பேசினார். நண்பர் கோபப்படவில்லை. கிரேக்க நூலை எடுத்துவந்து வைத்து, "எந்தப் பிரதியில் அப்படி இருக்கிறது, காட்டு" என்றார். இளைஞர் என்னிடம் வந்தார்.

நான் அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். இன்று கிடைக்கும் கிரேக்கக் கைப்பிரதிகளில் 'பெரிக்லுதோஸ்' என்ற வாசகம் இல்லை. முழுப் புதிய ஏற்பாடும் அடங்கிய சினாய்ப் பிரதி கி.பி. நான்காம் நூற்றாண்டினது, அண்ணலார் (ஸல்) அவர்களின் பிறப்புக்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முந்தியது, அதிலும் 'பராக்லேத்தோஸ்' என்றே உள்ளது. இப்னு இஸ்ஹாக்கும் எழுத்து மாறிவிட்டதென்று வாதிடவில்லை. இருந்த சொல்லையே கொண்டு பேசினார். 61:6 வசனத்தின் மீது நாம் கொண்ட ஈமான் அல்லாஹ்வின் சொல்லைச் சார்ந்தது. ஒரு கிரேக்க எழுத்தைச் சார்ந்ததன்று. வேதமுடையோரிடம் அழகிய முறையிலன்றி வாதம் செய்யாதீர்கள் என்ற கட்டளை (29:46) குரலைத் தாழ்த்துவதைப் பற்றியது மட்டுமன்று. கையில் இல்லாத ஆதாரத்தை இருப்பதாகச் சொல்லாதிருப்பதும் அந்த அழகில் சேர்ந்ததே. நபி (ஸல்) அவர்கள் ஸைத் பின் ஸாபித் (ரலி) அவர்களை யூதர்களின் எழுத்தைக் கற்கச் சொன்னார்கள். அரை மாதத்தில் அவர் கற்றுத் தேர்ந்தார் எனத் திர்மிதீயில் வருகிறது. பிறர் எழுதியதை அவர் சொன்னார், இவர் சொன்னார் என்று கேட்காமல் நேரே படித்தறிய வேண்டும் என்பதற்காகவே அந்த ஏவல்.

அந்த இளைஞர் இப்போது இரு தமிழ் மொழிபெயர்ப்புகளையும் வாங்கி வைத்திருக்கிறார். பழைய பதிப்பில் யோவான் 14இல் 'தேற்றரவாளன்' என்றிருக்கும் அதே கிரேக்கச் சொல், 1 யோவான் இரண்டாம் அதிகாரத்தில் ஈஸா நபியைக் குறிக்கும்போது 'பரிந்து பேசுகிறவர்' என்று மாறியிருப்பதை அவரே கண்டுபிடித்து நண்பரிடம் காட்டினாராம். நண்பருக்கு அது புதிய செய்தி. பதிலுக்கு அவர் பரதீசுக்கும் ஃபிர்தவ்ஸுக்கும் என்ன உறவு என்று கேட்டிருக்கிறார். சென்ற வெள்ளியன்று ஜும்ஆவுக்குப் பின் இளைஞர் என்னிடம் வந்து, சுயூத்தி இமாமின் அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு போனார்.